பன்னாட்டுப் பாதுகாப்பு அமைப்புகளை ஆராயும் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில், நேட்டோ போன்ற அமைப்புகளை ஆராயும் அரசியல் அறிவியலாளராக வர நினைக்கும் மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்குப் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு அமைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? நேட்டோவும் ஐ.நா.வும் ஒரே வகையா?

இல்லை. இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. ஒரு தெருவில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து, "நம்மில் யார் அடுத்த வீட்டில் கைவைத்தாலும் மற்ற எல்லோரும் அவரைத் தட்டிக்கேட்போம்" என்று பேசி வைத்தால் அது கூட்டுப் பாதுகாப்பு. 1920-ல் தொடங்கிய சர்வதேச சங்கமும், 1945-ல் அதன் இடத்துக்கு வந்த ஐ.நா.வும் இந்த வகை. அதே தெருவில் சில வீடுகள் மட்டும் சேர்ந்து, "எங்களில் ஒருவர்மேல் வெளியாள் கைவைத்தால் அது எல்லோர்மேலும் கைவைத்த மாதிரி" என்றால் அது கூட்டுத் தற்காப்பு. 1949 ஏப்ரல் 4-ல் 12 நாடுகளோடு தொடங்கி இன்று 32 நாடுகளாக வளர்ந்திருக்கும் நேட்டோ இந்த வகை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒருவரையொருவர் நம்பாதவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் அமைப்பு. வியன்னாவில் இயங்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு அமைப்பு அப்படிப்பட்டது. 1975-ல் ஹெல்சிங்கியில் 35 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையிலிருந்து வளர்ந்து, இன்று 57 நாடுகளைக் கொண்டிருக்கிறது. அப்புறம் சர்வதேச அணுசக்தி முகமை, ரசாயன ஆயுதத் தடை அமைப்பு போன்ற கண்காணிப்பு அமைப்புகள். இவற்றில் ஏதோ ஒரு வகையில்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் வேரூன்றுகிறார்கள். எல்லாவற்றையும் ஆராய்கிறேன் என்று கிளம்புபவர்கள் எதிலும் ஆழமாகப் போவதில்லை.

ராணுவ ஆய்வுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ராணுவ ஆய்வாளர் எத்தனை டாங்கிகள், எவ்வளவு தூரம், எவ்வளவு எரிபொருள் என்று பார்ப்பார். அந்த டாங்கிகளை அனுப்பலாம் என்ற முடிவு எந்த அறையில், யாருடைய சம்மதத்தோடு, எந்த வாசகத்தின் பேரில் எடுக்கப்பட்டது என்பதுதான் எங்கள் கேள்வி. இரண்டும் தெரிந்திருந்தால் நல்லது. ஆனால் இரண்டும் வேறு வேறு உழைப்பு.

ஒரே ஒரு வீட்டோவில் எல்லாம் நின்றுபோகும் அமைப்பு. அதில் பத்து வருடம் ஆராய என்னதான் இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காத மாணவரே இல்லை. பலர் கோபத்தோடு கேட்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த வீட்டோவையே எடுத்துக்கொள்வோம். கவுன்சிலின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களான அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவற்றில் ஒன்று எதிர்த்து வாக்களித்தாலே தீர்மானத்தை விழவைக்கும் அதிகாரம் அது. ஐ.நா. சாசனத்தின் 27-வது பிரிவு, முக்கிய விஷயங்களில் நிரந்தர உறுப்பினர்களின் இசைவான வாக்குகள் வேண்டும் என்கிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால், ஐவரில் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கினாலே தீர்மானம் விழுந்துவிட வேண்டும். நடப்பது அப்படியில்லை. 1940-களிலிருந்தே, ஒதுங்குவது வீட்டோ ஆகாது என்று கவுன்சில் பழகிக்கொண்டது. 1971-ல் நமீபியா குறித்த ஆலோசனைக் கருத்தில் சர்வதேச நீதிமன்றமும் அந்தப் பழக்கத்தை ஏற்றுக்கொண்டது. சாசனத்தின் அந்த வாசகம் அப்படியே இருக்கிறது, அதன் பொருளைப் பழக்கம் நகர்த்திவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். சீனாவின் இருக்கை யாருக்கு என்ற சண்டையில் சோவியத் யூனியன் 1950-ல் கவுன்சிலைப் புறக்கணித்திருந்தது. அந்த நேரத்தில்தான் கொரியப் போர் வெடித்தது. சோவியத் இல்லாத அறையில் கவுன்சில் தீர்மானங்களை நிறைவேற்றியது. அவர்கள் திரும்பி வந்ததும் அந்த வழி அடைபட்டது. உடனே நவம்பரில், கவுன்சில் முடங்கினால் பொதுச் சபை கூடிப் பரிந்துரைக்கலாம் என்ற 377-வது தீர்மானம் வந்தது. 1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ போட்டபோது இந்த வழியில்தான் பொதுச் சபை கூடியது. ஐ.நா.வின் முதல் ஆயுதம் தாங்கிய அமைதிப்படை அங்கே பிறந்தது. அதற்கு யோசனை கொடுத்த கனடாவின் லெஸ்டர் பியர்சனுக்கு 1957-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அமைதிப்படை என்ற சொல்லே சாசனத்தில் எங்கும் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆக, வீட்டோ ஒரு கதவை அடைக்கிறது. அடைத்த பிறகு மற்றவர்கள் எந்த ஜன்னலைத் தேடினார்கள், ஏன் சில சமயம் யாருமே தேடவில்லை என்பதில்தான் பல வருட ஆய்வு இருக்கிறது.

தீர்மானங்களைப் படிப்பதற்கென்று தனி முறை இருக்கிறதா?

இருக்கிறது. முதல் பாடமே பென்சிலோடுதான் தொடங்கும். ஒவ்வொரு பத்தியின் வினைச்சொல்லையும் அடிக்கோடிடச் சொல்வேன். "கவலை தெரிவிக்கிறது", "அழைப்பு விடுக்கிறது", "வலியுறுத்துகிறது", "கோருகிறது", "முடிவு செய்கிறது". இது ஒரு ஏணி. மேலே ஏற ஏற பிடி இறுகும். சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் செயல்படுவதாக ஒரு வரி இருக்கிறதா என்று அடுத்து பார்க்க வேண்டும். அமைதிக்கு ஆபத்து வரும்போது தடை, படைபலம் போன்ற கட்டாய நடவடிக்கைகளை எடுக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் தரும் அத்தியாயம் அது.

இப்போது இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1990 நவம்பரில் வந்த 678-வது தீர்மானம், ஈராக்கைக் குவைத்திலிருந்து வெளியேற்ற "தேவையான எல்லா வழிகளையும்" பயன்படுத்த உறுப்பு நாடுகளை அனுமதிக்கிறது. படைபலம் என்ற சொல் இல்லை, ஆனால் அதுதான் பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். 2002 நவம்பரில் வந்த 1441-வது தீர்மானம் ஈராக்குக்குக் "கடுமையான விளைவுகள்" ஏற்படும் என்று எச்சரிக்கிறது. கவுன்சிலின் உறுப்பினர்கள் பதினைந்து பேரும் ஆதரித்து வாக்களித்தார்கள். எப்படி பதினைந்து பேரும்? ஒவ்வொருவரும் அந்தச் சொல்லைத் தனக்கு ஏற்றபடி படித்துக்கொள்ள இடமிருந்தது. அடுத்த வருடமே அந்த இடைவெளி வெடித்தது. ஈராக்மேல் படையெடுக்க இன்னொரு தீர்மானம் வேண்டும் என்றது ஒரு தரப்பு, இதுவே போதும் என்றது மறு தரப்பு.

2011 மார்ச் 17-ல் லிபியா குறித்த 1973-வது தீர்மானத்தில் "தேவையான எல்லா நடவடிக்கைகளும்" என்ற வாசகம் திரும்பவும் வந்தது. பத்து பேர் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, ஐந்து பேர் ஒதுங்கினார்கள்: பிரேசில், சீனா, ஜெர்மனி, இந்தியா, ரஷ்யா. பொதுமக்களைக் காக்கக் கொடுத்த அனுமதி ஆட்சி மாற்றத்தில் போய் முடிந்தது என்ற மனக்குறை, அதே வருடம் அக்டோபரில் சிரியா தீர்மானத்துக்கு ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டபோது வெளிப்படையாகவே பேசப்பட்டது. ஒரு தாளில் எழுதிய வாசகம் அடுத்த தாளைக் கொன்ற கதை இது. இதைப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கிறது.

சோவியத் யூனியனே போய்விட்ட பிறகு நேட்டோ ஏன் கலையவில்லை?

இந்தத் துறையில் முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பெரிய விவாதம் இது. எதிரி இருந்தால் கூட்டணி, எதிரி போனால் கூட்டணியும் போகும் என்பது, நாடுகளின் அதிகாரப் போட்டியை வைத்தே உலக அரசியலைப் பார்க்கும் யதார்த்தவாதிகளின் கணக்கு. அதற்கு ஆதாரமும் இருந்தது. சோவியத் தலைமையிலான எதிர்க் கூட்டணியான வார்சா ஒப்பந்தம் 1991 ஜூலை 1-ல் கலைந்தது. தென்கிழக்கு ஆசியாவுக்கென்று 1954-ல் தொடங்கிய சீட்டோ 1977-லும், மத்திய கிழக்குக்கென்று பாக்தாத் ஒப்பந்தமாக 1955-ல் பிறந்த சென்டோ 1979-லும் மூடப்பட்டன. நேட்டோவும் தேய்ந்து போகும் என்று பெரிய அறிஞர்களே எழுதினார்கள். யதார்த்தவாதியான ஜான் மியர்ஷைமர் 1990-களின் நடுவில், இத்தகைய அமைப்புகள் போர், அமைதி விஷயத்தில் தாமாக எதையும் மாற்றுவதில்லை என்று வாதிட, ராபர்ட் கியோஹேனும் லிசா மார்ட்டினும் அதே ஆய்விதழில் பதில் எழுதினார்கள்.

எதிர்த் தரப்பின் வாதத்தில் செலஸ்ட் வாலண்டர் 2000-ல் எழுதிய கட்டுரை எனக்குப் பிடித்தமானது. ஒரு கூட்டணி சேர்த்து வைத்திருக்கும் சொத்துக்களைப் பார்க்கச் சொன்னார். ஒரே எதிரிக்காக மட்டும் பயன்படும் சொத்து எதிரி போனதும் பயனற்றுப் போகும். ஆனால் தினமும் கலந்து பேசும் பழக்கம், ஒரே கட்டளை அமைப்பு, ஒருவர் ராணுவத் திட்டத்தை மற்றவர் பார்க்கும் வெளிப்படைத்தன்மை போன்றவை வேறு வேலைக்கும் உதவும். நேட்டோவிடம் இவை இருந்தன. அதனால் பால்கனுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அதைத் திருப்பிவிட முடிந்தது.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு தரப்பும் பாதிப் பாதிதான் சரி. அமைப்பின் பழக்கங்கள் அதை இருபது வருடம் தாங்கிப் பிடித்தன. ஆனால் பின்லாந்து 2023-லும் சுவீடன் 2024-லும் சேர்ந்ததற்குப் பழக்கம் காரணமல்ல, உக்ரைன் போர் காரணம்.

நேட்டோவின் ஐந்தாவது பிரிவு என்றால் எல்லோரும் தானாகப் போருக்குப் போக வேண்டும் என்றுதானே பொருள்?

கிடையாது. ஒருவர்மேல் நடக்கும் தாக்குதல் எல்லோர்மேலும் நடந்த மாதிரி, அப்போது ஒவ்வொரு நாடும் தான் தேவை என்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. இந்த ஒப்பந்தத்தில் மொத்தமே 14 பிரிவுகள். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம், படிக்காமல் கருத்து சொல்பவர்கள்தான் அதிகம். ஐந்தாவது பிரிவு இதுவரை ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு செயல்படுத்தப்பட்டது. அமெரிக்கா ஐரோப்பாவைக் காக்கும் என்ற நினைப்பில் எழுதிய பிரிவு, கடைசியில் நேட்டோவின் கண்காணிப்பு விமானங்கள் அமெரிக்க வானத்தைக் காவல் காக்கக் காரணமானது.

மூடிய கதவுக்குள் நடப்பதை வெளியில் இருக்கும் ஆய்வாளர் எப்படித் தெரிந்துகொள்வது?

நேட்டோவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. ஒரு வரைவை எல்லா நாடுகளுக்கும் சுற்றுக்கு விடுவார்கள். இந்த நாள், இந்த மணி வரை அவகாசம் என்று குறித்திருக்கும். அதுவரை யாரும் வாய் திறக்கவில்லையென்றால் முடிவு நிறைவேறிவிட்டது. இதற்கு மௌன நடைமுறை என்று பெயர். ஆட்சேபம் இருப்பவர் கடிதம் எழுதி மௌனத்தைக் கலைக்க வேண்டும். 2003 பிப்ரவரியில் ஈராக் போருக்கு முன்பு, துருக்கியின் பாதுகாப்புக்கான திட்டமிடலைத் தொடங்கும் வரைவு சுற்றில் இருந்தபோது பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் மௌனத்தைக் கலைத்தன. சில நாட்களில் விஷயத்தை வேறு குழுவுக்கு மாற்றி முடித்தார்கள். அந்தக் குழுவில் பிரான்ஸ் உறுப்பினராக இல்லை என்பதுதான் சூட்சுமம்.

இங்கே ஒரு ஆய்வாளருக்கு எவ்வளவு சிரமம் என்று பாருங்கள். வாக்குப் பதிவு இருந்தால் எண்ணலாம். மௌனத்தை எப்படி எண்ணுவது? பேசாமல் இருந்தவர் சம்மதித்தாரா, சலித்துப்போனாரா, பயந்தாரா?

பாதுகாப்பு கவுன்சிலிலும் அப்படித்தான். அரைவட்ட மேசையில் பேசுவதெல்லாம் சொல்லுக்குச் சொல் பதிவாகி எல்லோருக்கும் கிடைக்கும். உண்மையான பேரம் பக்கத்து அறையில், ஆலோசனைக் கூட்டம் என்ற பெயரில் நடக்கும். அதற்கு அதிகாரபூர்வப் பதிவு கிடையாது. அதனால் மூன்று வழிகளைச் சேர்த்துப் பின்ன வேண்டியிருக்கிறது: பொதுப் பதிவு, காலம் கடந்து திறக்கப்படும் ஆவணக் காப்பகம், நேர்காணல். நேட்டோ தன் ஆவணங்களை 30 வருடம் கழித்துதான் வெளியிடுவது பற்றிப் பரிசீலிக்கும். இன்று நடப்பதை ஆவணத்தோடு எழுத ஆசைப்படுபவர் பொறுமையாக இருக்க வேண்டும். அல்லது 1990-களைப் படிக்க வேண்டும், அவை இப்போதுதான் திறக்கின்றன.

ராஜதந்திரிகள் ஆய்வாளரிடம் உண்மையைச் சொல்வார்களா?

பெரும்பாலும் சொல்வார்கள். பிரச்சினை பொய்யைவிட ஞாபகத்தில்தான் அதிகம். ஓய்வுபெற்ற தூதர் ஒருவரை ஒரு குறிப்பிட்ட கூட்டத்தைப் பற்றிக் கேட்கப் போயிருந்தேன். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் குரலை உயர்த்தினார்கள் என்று அழகாகச் சொன்னார். திரும்பி வந்து வருகைப் பட்டியலைப் பார்த்தால் அன்று அவர் அந்த அறையிலேயே இல்லை, அவருடைய துணைத் தூதர்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏமாற்றவில்லை. பிறகு கேட்ட கதை அவருக்குள் கண்ணால் கண்டதாக உறைந்துவிட்டது.

அடுத்த முறை வரைவுகளின் இரண்டு பதிப்புகளை அச்செடுத்துக்கொண்டு போனேன். மேசையில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இதை மாற்றச் சொல்லி எங்கள் தலைநகரிலிருந்து ராத்திரி போன் வந்தது" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் போயிருந்தேன். அன்றிலிருந்து கையில் தாள் இல்லாமல் எந்த நேர்காணலுக்கும் போவதில்லை.

ஒழுங்குமுறை ஒன்றும் சொல்லியாக வேண்டும். பேசியதைப் பயன்படுத்தலாம், யார் பேசினார் என்று சொல்லக்கூடாது என்ற, லண்டன் ஆய்வு மையமான சாத்தம் ஹவுஸின் விதி 1927 முதல் வழக்கில் இருக்கிறது. அதை மீறினால் உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்கும் கதவு மூடிவிடும்.

கணக்கும் புள்ளியியலும் கட்டாயமா?

ஆய்வு செய்ய எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஆனால் மற்றவர் செய்த புள்ளியியல் ஆய்வைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது தெரிந்தே ஆக வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன். அமைதிப்படை போன இடங்களில் பாதிக்குப் பாதி இன்னும் சண்டை ஓயவில்லையே, அப்படியானால் அமைதிப்படையால் என்ன பயன் என்று ஒரு கேள்வி வரும். தீயணைப்பு வண்டி நிற்கும் வீடுகளைத்தான் எண்ணிப் பாருங்களேன், எல்லாமே எரிந்த வீடுகளாக இருக்கும். வண்டி வந்ததால் எரிந்ததா? அமைதிப்படை எளிதான இடங்களுக்குப் போவதில்லை. இரு தரப்பும் தாமாகவே சமாதானமாகப் போகும் இடத்துக்கு அதற்கு வேலையே இல்லை.

இந்தத் தேர்வுச் சிக்கலைச் சரிசெய்து பார்த்த ஆய்வுகளில் 2008-ல் வந்த வர்ஜீனியா பேஜ் ஃபோர்ட்னாவின் ஆய்வு முக்கியமானது. அமைதிப்படைகள் கடினமான இடங்களுக்கே போகின்றன, அப்படிப் போயும் அமைதி நீடிக்கும் வாய்ப்பைக் கணிசமாகக் கூட்டுகின்றன என்று அவர் காட்டினார். களத்தில் போராளிக் குழுத் தலைவர்களிடமும் நேரில் பேசினார். எண்ணும் நேர்காணலும் சேர்ந்தால்தான் ஒரு வாதம் நிற்கும் என்பதற்கு அந்த ஆய்வைத்தான் காட்டுவேன். போர் குறித்த தரவுக்கு உப்சாலா பல்கலைக்கழகத்தின் தொகுப்பும், ஆயுதச் செலவுக்கு 1966-ல் தொடங்கிய ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன.

எந்த மொழிகள் தெரிந்திருக்க வேண்டும்?

ஆங்கிலம் இல்லாமல் முடியாது. இரண்டாவதாகப் பிரெஞ்சு, நேட்டோவின் அதிகார மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமே, ஆப்பிரிக்காவில் பல அமைதிப்படைகள் இயங்கியதும் பிரெஞ்சு புழங்கும் நாடுகளில். மூன்றாவது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் 1990-களுக்குப் பிறகு குறைந்துபோனார்கள், கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட 2014-க்குப் பிறகு அந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்தது.

எவ்வளவு காலம் படிக்க வேண்டியிருக்கும்?

இளநிலை, முதுநிலைக்குப் பிறகு முனைவர் பட்டம். பிரிட்டனில் மூன்று, நான்கு வருடம். அமெரிக்காவில் பாடவேளைகள், தகுதித் தேர்வு எல்லாம் சேர்த்து ஐந்திலிருந்து ஏழு வருடம். அரசியல் அறிவியல்தான் படித்திருக்க வேண்டும் என்றில்லை; வரலாறு, சட்டம், பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே நன்றாகவே இருக்கிறார்கள். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பெயரைவிட, அவரிடம் முடித்த மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

நல்ல ஆய்வுக் கேள்வியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் தவறு செய்துதான் கற்றேன். என் முதல் ஆய்வுத் திட்டம், அப்போது தினமும் செய்தியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பேச்சுவார்த்தையைப் பற்றியது. மூன்றாவது அத்தியாயம் முடிவதற்குள் பேச்சுவார்த்தை முறிந்தது. செய்தியும் போனது, என் ஆய்வும் தரைதட்டியது. அழாத குறையாக நெறியாளரிடம் போய் நின்றேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "இந்தப் பேச்சுவார்த்தையே நடக்காமல் போயிருந்தால் உங்கள் கேள்வியில் என்ன மிஞ்சும்?" மூன்று வாரம் யோசித்த பிறகு ஒன்று மிஞ்சியது: உறுப்பு நாடுகள் இழுபறியில் இருக்கும்போது, எந்தச் சூழலில் அமைப்பின் செயலகம் தானாக ஒரு வரைவை முன்வைக்கத் துணிகிறது? அந்தக் கேள்விக்கு அந்தப் பேச்சுவார்த்தை ஓர் உதாரணமானது. அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷெல்ட் சூயஸ் நெருக்கடியைக் கையாண்ட விதம் இன்னொரு உதாரணமானது. பிறகு பதினைந்து வருடம் அந்தக் கேள்விதான் எனக்குச் சோறு போட்டது.

இப்போது என் மாணவர்களிடமும் அதையே கேட்கிறேன். தலைப்பில் ஒரு நாட்டின் பெயரும் ஒரு வருடமும் மட்டும் இருந்தால், அவற்றை எடுத்துவிட்டு மிச்சத்தைப் படித்துக் காட்டச் சொல்வேன்.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு வேலை கிடைக்குமா?

மறைக்காமல் சொல்கிறேன், கடினம். பட்டம் பெறுபவர்களைவிட நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் மிகவும் குறைவு. பலர் இரண்டு, மூன்று வருடம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக ஊர் ஊராக மாறுகிறார்கள். அமெரிக்க முறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் ஆறாவது வருடவாக்கில் நிரந்தரப் பணிக்கான மதிப்பீடு வரும், அதில் தேறாவிட்டால் வேறு இடம் தேட வேண்டும். அதற்குள் ஒரு புத்தகமோ, நல்ல ஆய்விதழ்களில் சில கட்டுரைகளோ வந்திருக்க வேண்டும். பெயர் தெரியாத இரண்டு, மூன்று மதிப்பீட்டாளர்கள் படித்துத் திருத்தச் சொல்லி, திரும்ப அனுப்பி, மறுபடி திருத்தி, அச்சாவதற்குள் ஒரு கட்டுரைக்கு இரண்டு வருடம் ஆவது சாதாரணம். 1947-லிருந்து வரும் 'இன்டர்நேஷனல் ஆர்கனைசேஷன்' போன்ற இதழ்களில் நிராகரிப்புதான் வழக்கம், ஏற்பு விதிவிலக்கு.

பல்கலைக்கழகம் மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். கொள்கை ஆய்வு மையங்கள், வெளியுறவு அமைச்சகங்கள், ஐ.நா. செயலகம், ரசாயன ஆயுதக் கண்காணிப்பு போன்ற இடங்களில் இந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டு. முதல் நாளிலிருந்தே இரண்டு வழியையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமைப்புக்குள்ளேயே போய் வேலை பார்த்தால் ஆய்வாளரின் நடுநிலை கெடாதா?

கெடலாம். ஆனால் உள்ளே போய் வந்தவர்கள் இல்லையென்றால் இந்தத் துறையே ஏழையாக இருந்திருக்கும். ரால்ஃப் பஞ்ச் 1934-ல் ஹார்வர்டில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். வாஷிங்டனில் உள்ள ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையைக் கட்டி எழுப்பினார். ஆப்பிரிக்கக் காலனி நிர்வாகத்தைப் பற்றிய அவருடைய ஆய்வுதான் அவரை ஐ.நா. வரை கொண்டுபோனது. 1948 செப்டம்பரில் ஐ.நா. சமரசத் தூதர் ஃபோக் பெர்னடாட் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்தப் பொறுப்பு பஞ்ச் தலையில் விழுந்தது. ரோட்ஸ் தீவில் வாரக்கணக்கில் உட்கார்ந்து 1949 பிப்ரவரியில் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கையைக் கொண்டுவந்தார். 1950-ல் நோபல் பரிசு. அதற்குப் பிறகு அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

அமெரிக்க அரசியல் அறிவியலாளர் மைக்கேல் பார்னெட்டின் கதை வேறு மாதிரி. அவர் 1993-94-ல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதரகத்தில் ஒரு வருடம் பணியாற்றப் போனவர். அந்த வருடம்தான் ருவாண்டா இனப்படுகொலை நடந்தது. அங்கே சுமார் 2,500 பேர் கொண்ட அமைதிப்படை இருந்தது. கொலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1994 ஏப்ரல் 21-ல், அதை 270 பேராகக் குறைக்க 912-வது தீர்மானத்தில் கவுன்சில் ஒருமனதாக முடிவெடுத்தது. கொலையை நடத்திக்கொண்டிருந்த அரசின் பிரதிநிதி அந்தக் கவுன்சிலிலேயே நிரந்தரமற்ற உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். விலகுவதுதான் சரி என்று அப்போது தானும் நினைத்ததாக பார்னெட் பிறகு வெளிப்படையாக எழுதினார். நல்ல மனிதர்கள் நிறைந்த ஓர் அலுவலகம் எப்படித் தன் பெயரையும் எதிர்காலத்தையும் காப்பதையே அறம் என்று நம்பத் தொடங்குகிறது என்பதை, உள்ளே இருந்த ஒருவர் தன்னையும் சேர்த்து விசாரித்த எழுத்து அது. வெளியிலிருந்து யாராலும் அப்படி எழுதியிருக்க முடியாது.

என் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: போங்கள், ஆனால் நாட்குறிப்பு எழுதுங்கள், தேதி போட்டு. அப்போது என்ன நினைத்தீர்கள் என்பதைப் பிறகு மாற்றிச் சொல்ல உங்களுக்கே மனம் வரும்.

இந்தத் துறை மேற்கத்திய நாடுகளின் பார்வையிலேயே எழுதப்பட்டதல்லவா?

பெருமளவுக்கு ஆமாம். கோட்பாடுகளில் பாதி நேட்டோவைப் பார்த்து எழுதியவை. ஆனால் தலையீடு பற்றிய துணிச்சலான சட்ட வாசகம் ஐரோப்பாவில் இல்லை, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சாசனத்தில் இருக்கிறது. போர்க்குற்றம், இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம் நடந்தால் உறுப்பு நாட்டில் தலையிடும் உரிமை ஒன்றியத்துக்கு உண்டு என்கிறது அதன் நான்காவது பிரிவு. ருவாண்டாவுக்குப் பிறகு எழுதிய வரி அது. அடிஸ் அபாபாவில் உள்ள அதன் அமைதி, பாதுகாப்பு கவுன்சிலிலும் 15 உறுப்பினர்கள்தான், ஆனால் வீட்டோ யாருக்கும் கிடையாது. வீட்டோ இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை, போய்ப் பார்க்கலாம். அதேபோல, அமைதிப்படைக்கு வீரர்களை அதிகம் அனுப்பும் நாடுகள் நேபாளம், பங்களாதேஷ், இந்தியா, ருவாண்டா போன்றவை. தீர்மானம் எழுதுபவர் ஒருவர், களத்தில் நிற்பவர் வேறொருவர் என்ற இந்தப் பிளவைப் பற்றி இன்னும் எவ்வளவோ எழுத வேண்டியிருக்கிறது. புதிதாக வருபவர்கள் இந்தப் பக்கம் வந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

ஒருமித்த கருத்து வேண்டும் என்ற விதி நல்லதா கெட்டதா?

நாளைப் பொறுத்தது. ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பின் கண்காணிப்புக் குழு 2014-லிருந்து உக்ரைனில் போர்நிறுத்த மீறல்களைத் தினமும் பதிவு செய்தது. ரஷ்யாவும் சம்மதித்ததால்தான் அந்தக் குழு அங்கே நுழைய முடிந்தது. 2022 மார்ச்சில் ரஷ்யா சம்மதத்தைப் புதுப்பிக்காததால் அதே விதிப்படி குழுவின் பணி முடிந்தது. அந்த எட்டு வருட தினசரி அறிக்கைகள் இன்றும் திறந்தே கிடக்கின்றன. ஒரு நல்ல ஆய்வேட்டுக்குரிய சரக்கு அது.

சரி, நாளைக்கே தொடங்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

ஐ.நா. சாசனத்தில் 111 பிரிவுகள். எல்லாம் வேண்டாம், ஐந்திலிருந்து எட்டு வரையான அத்தியாயங்களைப் படியுங்கள். அப்புறம் 912-வது தீர்மானம் நிறைவேறிய அன்றைய கவுன்சில் கூட்டத்தின் பதிவை ஐ.நா. நூலகத்தின் இணையதளத்தில் எடுத்துப் படியுங்கள். யார் பேசினார்கள், எந்தச் சொல்லை எல்லோரும் தவிர்த்தார்கள் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் போட்டிருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.